இடது கால் ஷூ

கிரிம்ஸ்பி துறைமுகத்தில் நாள் முழுக்கத் தூறல்.
டெல்மா கார்ஃபோர்த்துக்கு அறுபத்தெட்டு வயது.
"யாரோட பாதிப்புன்னு ஆரம்பிச்சா
கதவு அந்தப் பக்கம்" என்றார்.
என் தாளில் முதல் கேள்வி அதுதான்.
அதை அடித்துவிட்டு
அம்மாவைப் பற்றிக் கேட்டேன்.

பிங்கோ கூடத்தில் எண் கூவுகிறவள் அம்மா.
வெறும் எண் சொன்னால் கூட்டம் தூங்கிவிடும்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் கட்டிப் பறக்கவிட வேண்டும்.
நாற்பத்து நாலு, நாற்காலி ரெண்டு.
எழுபத்தேழு, எதிர்க்காற்றில் ரெண்டு பேர்.
"வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டியிருக்கும்.
எங்கிட்ட கையாலதான் பேசுவா.
குரலெல்லாம் ஊருக்கு."

பகலில் மீன் கிடங்கு. காட் மீனின் வயிற்றைக் கிழிக்கிற வேலை.
இரவில், பழைய பிங்கோ அட்டைகளின் முதுகில்
செதில் ஒட்டிய விரலால் பாட்டெழுதுவார்.
குழுவின் பெயர் ஈரத் தீக்குச்சிகள்.
கிட்டார் டங்கனுக்கு மூன்று கார்டுகள் தெரியும்,
அதில் ஒன்று தப்பு.

எழுபத்தெட்டு, ஜனவரி.
கால்பந்து கிளப்பின் பின்னறை.
மூன்றாவது பாட்டில் ஃபியூஸ் போனது.
இருட்டு. பியர் வாடை. யாரோ சிரிக்கிறார்கள்.
எழுதின வரி ஒன்றுகூட நினைவில் இல்லை.
"வாயைத் திறந்தேன். அம்மா வந்துட்டா."

நாற்பத்து நாலு, நாற்காலி ரெண்டு,
ஒண்ணு காலி.
எழுபத்தேழு, எதிர்க்காற்றில் ரெண்டு பேர்,
ஒருத்தர் கரை சேரல.
பதினாறு, படகோட நம்பர்,
யாரும் கேக்காதீங்க.

சொல்லிவிட்டு டீயைக் கலக்கினார்.
சர்க்கரையே போட்டிருக்கவில்லை.

அப்போது இருட்டுக்குள்ளிருந்து
"ஹவுஸ்!" என்று ஒரு பையன் கத்தினானாம்.
ஜெயித்தவனுக்குப் பரிசு தரணும், அது சட்டம்.
இடது கால் ஷூவைக் கழற்றி
சத்தம் வந்த திசையில் வீசினார்.
ஒன்றரை மைல், பனியில், ஒற்றைக் காலுறையோடு வீடு.

அந்த இரவில்தான் கவிஞர் ஆனீர்களா?
"அந்த ராத்திரி எனக்குச் சளி பிடிச்சது."

பிறகு, நான் கேட்காமலே:
"காலைல அம்மா என் காலைப் பாத்தா.
கையை விரிச்சா, எங்கேன்னு.
நானும் கையாலயே சொன்னேன்,
ஒருத்தன் ஜெயிச்சுட்டான்.
அவ சிரிச்சா. சத்தமே வரல."

வலது கால் ஷூ
மாடிப்படிக்கு அடியில், ரொட்டிப் பையில் சுற்றி இருக்கிறது.
ஏன் தூக்கி எறியவில்லை என்றேன்.
என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
"புதுசுப்பா அது.
எட்டு பவுண்டு."