ஆரம்பாக்கம் தாண்டியதும்

ஆரம்பாக்கம் தாண்டியதும் கடை திறக்கிறோம்,
கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில்.
இன்று பெஞ்சலம்மா கடைக்காரி, நான் கஸ்டமர்.
சரக்கு: என் டிபன் பை, அவள் ஐடி கார்டு,
யாரோ விட்டுப்போன குடை.

ட்ரை ஆன் என்றால் போட்டுப் பார்ப்பது.
ரன் அவுட்டில் யாரும் ஓடுவதில்லை,
சரக்குதான் தீர்ந்துபோகிறது.
வாலில் ஒட்டும் பொடிச்சொல்
தலையையே திருப்பிப் போடுகிறதே என்று
அவள் தெலுங்கில் சலித்துக்கொள்ள,
தமிழிலும் அப்படித்தான் என்றேன்:
போன மாசம் புடவை வாங்கினேன்,
வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.
டிரைவர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

சம்பள நாள்.
சூலூர்பேட்டையில் கண்ணாடிக் கதவு போட்ட
செருப்புக் கடை.
பையன் தெலுங்கில் கேட்டான், அப்புறம் தமிழில்.
நான் விடவில்லை.
ட்ரை ஆன் செய்தேன். கடித்தது.
அடுத்த சைஸ் ரன் அவுட்டா என்றேன்.
இல்லையாம், கொண்டுவந்தான்.
அளவெடுத்தாற்போல் இருந்தது.
விலைச்சீட்டு அடியில் ஒட்டியிருந்தது.

ஐ வில் புட் இட் பேக்.

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.
வாசலில் நின்ற பெஞ்சலம்மா
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.