உடம்படுமெய்

இரண்டு தோணியில் கால் வைக்காதே என்பார்கள்.
ரன்வாவுக்குச் சம்பளமே அதற்குத்தான்.

ஃபாரோ தீவுகள். டோர்ஸ்ஹவ்ன் துறைமுகத்தில்
மீன்கிடங்குக்கு மேலே ஓர் அறை,
ஜன்னல் கண்ணாடியில் உப்பு.
எந்தப் படகு எத்தனை மணிக்கு என்று
தீவுகளின் திரைகளுக்குச் சொல்லும் நிரல்
அவள் பொறுப்பு.

நிரல் ஓடும் களம்
ஒன்பது ஆண்டுக்கு முன் இரண்டாகக் கிளைத்தது.
சண்டை என்று சொல்ல முடியாது.
சுழியத்திலிருந்து எண்ணுவோம் என்றது ஒரு குழு.
ஒன்றிலிருந்து எண்ணித்தானே பழக்கம் என்றது மற்றது.
பிறகு, இவர்கள் ‘காலியா?’ என்று கேட்ட இடத்தில்
அவர்கள் ‘ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்கத் தொடங்கினார்கள்.
ஒரே கேள்வி.
பதில்தான் தலைகீழ்.

தெற்கே வாகுரில் ட்ரோண்டுர்
பழைய கிளையிலேயே இருந்துவிட்டான்.
இவள் புதியதில்.
நிரல் மட்டும் இருவருக்கும் ஒன்று.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை
வாகுர் பெட்ரோல் பங்கின் திரையில்
கடைசிப் படகு இல்லை.
துறையில் இருந்தது. விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு
ஒன்பது மணிக்குக் கிளம்பியும் போனது.
திரையை நம்பிய பியானோ ரிப்பேர்காரர் ஒருவர்
சுருதிச் சாவிகளை மடியில் வைத்தபடி
காரிலேயே தூங்கினார்.

ட்ரோண்டுர் அழைத்தான்.
‘கடைசியை எண்ணாமல் விட்டிருக்கிறாய்.’
‘நீ ஒன்றுமில்லாததை எண்ண மறுக்கிறாய்.’
இரண்டும் சரி.
அது இருவருக்கும் தெரிந்ததால்
கொஞ்ச நேரம் தொலைபேசியில் காற்றுச் சத்தம் மட்டும்.

அன்றிரவு ஒரு சிறு கோப்பு எழுதினாள்.
நாற்பத்தொரு வரி.
இங்கே ஓடுகிறாயா, இப்படி எண்ணு.
அங்கே ஓடுகிறாயா, ஒன்று கூட்டிக்கொள்.
அழகில்லை.
அழகாக எழுதத் தெரிந்தவள்தான்.

மணி என்றும் அடித்தது என்றும்
இரண்டு உயிர் முட்டிக்கொள்ளும்போது
நடுவில் ஒரு யகரம் வந்து நிற்குமே,
மணியடித்தது என்று,
அந்தச் சொல்லுக்கும் சொந்தமில்லாமல்
இந்தச் சொல்லுக்கும் சொந்தமில்லாமல்,
அந்த நாற்பத்தொரு வரி அதுதான்.
ரன்வாவுக்கு நம் இலக்கணம் தெரியாது.
ஜன்னலுக்குக் கீழே
படகுக்கும் கரைக்கும் நடுவே தொங்குவதைப் பார்த்து
கோப்புக்கு ‘டயர்’ என்று பெயர் வைத்தாள்.

மார்ச்சில் ட்ரோண்டுரும் மாறிவிட்டான்.
ஒரு வரிதான் எழுதியிருந்தான்:
‘இனி டயரைக் கழற்றலாம்.’
கழற்றத்தான் உட்கார்ந்தாள்.
நாற்பத்தொரு வரியும் நீலத்தில் தெரிவு செய்தாயிற்று,
விரல் அழிப்புப் பொத்தானில்.
பழக்கதோஷம், பதிவேட்டை ஒருமுறை புரட்டினாள்.
தினமும் காலை ஐந்து பத்துக்கு
யாரோ பழைய பேச்சில் கேட்கிறார்கள்:
காலியா?

ஸ்கூவோய் தீவு. நாற்பது பேர் இருப்பார்களோ என்னவோ.
அழைத்தாள். ஒல்வோர் என்று ஒரு பெண் எடுத்தாள்,
பின்னால் கெட்டில் சத்தம்.
‘திரையா? ஓடுகிறதே.
ஏன், ஏதாவது கெட்டுப்போய்விட்டதா?’

இல்லை என்றாள் ரன்வா.
வானிலை பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தாள்.

அடுத்த வாரம் புதிய கிளை
‘கடைசி’ என்ற சொல்லையே எடுத்துவிட்டது.
இனி ‘முடிவிலிருந்து முதல்’ என்று கேட்க வேண்டுமாம்.
சோதனைப் பலகையில் இடப்பக்கம் பச்சை,
வலப்பக்கம் முழுக்கச் சிவப்பு.
திட்டினாள், ஃபாரோ மொழியில்,
பெயர்க்க வேண்டாம்.

நாற்பத்திரண்டாவது வரி.
அதற்கு மேலே, எந்திரம் படிக்காத ஒரு குறிப்பு,
அடுத்து வந்து உட்காரப்போகும் யாருக்கோ:

அழிக்காதே.
ஸ்கூவோயில் ஒருத்தி
ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறாள்.