குதிரைக்கு மூக்கில்லை

பண்டாரவளை நீதிமன்றத்தில் அன்று பனி
ஜன்னலுக்குள் பாதி வந்து நின்றிருந்தது.
மேசைமேல் சாக்கு, சாக்கின்மேல் அது.
வழக்குப் பொருள் ஒன்று.
ஊறிய பலாக்கொட்டை நிறம்.

கூண்டில் செவனடியான்.
ஏழாம் நம்பர் மலையில் கான் வெட்டும்போது
மண்வெட்டியில் ணங்கென்றதாம்.
கழுவிப் பார்த்தானாம்.
பழைய இரும்புக் கடையில் கிலோ என்ன விலை
என்று கேட்டானாம்.
அவ்வளவுதான் குற்றம். பதினாறு நாள் உள்ளே.

நான் மொழிபெயர்ப்பாளர்.
அவர்களின் சிங்களத்தை அவனுக்குத் தமிழாக்க வேண்டும்,
அவன் தமிழை அவர்களுக்குச் சிங்களமாக்க வேண்டும்.
யாரும் சொல்லாததை
ஓர் இருமலாகக்கூட வெளியே விடக்கூடாது.
சத்தியம் செய்து வாங்கிய வேலை.

துவான் சல்தீன்,
தியத்தலாவை முகாமில் முப்பது வருடம்
துப்பாக்கி பழுது பார்த்தவர்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
வெறுங்கண்ணை இரும்பருகே கொண்டுபோனார்.
நான்கு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டதாம்.
கட்டைவிரலால் ஒரு நெம்பு.
இடுப்பில் ஒடிந்து திறந்துகொண்டது.

வெப்லி என்றார்.
நானும் வெப்லி என்றேன்.
குழலடியில் கிரீடம், அதன் கீழே
குறுக்கும் நெடுக்குமாய் இரண்டு செங்கோல்:
பர்மிங்ஹாமில் சுட்டுச் சோதித்த முத்திரை.
அரசாங்கத்து அம்புக்குறியைக் காணோம்,
ஆகவே பட்டாளத்துச் சொத்தல்ல.
எவனோ ஒரு துரை கைக்காசில் வாங்கியது.
பிடியின் அடியில் வளையம், கயிறு கோத்துத்
தோளில் மாட்டிக்கொள்ள.
வயது நூறுக்குமேல்.
இலக்கத்தில் கடைசி மூன்றைத் துரு தின்றுவிட்டது.

சுடுமா? என்றார் நீதவான்.

சல்தீன் சொன்ன சொல் கொக்கா.
சிங்களத்தில் அது கொக்கு.
தமிழில் அந்த உறுப்புக்குக் குதிரை என்று பெயர்.
கொக்கைக் குதிரையாக்கிக் கூண்டுக்குச் சொன்னேன்:
"குதிரைக்கு மூக்கில்லை.
தோட்டாவின் பின்னால் கொத்தவேண்டிய மூக்கு.
உடையவில்லை, யாரோ ராவியிருக்கிறார்கள்.
நெல்முனையளவு மிச்சம்.
இழுத்தால் டிக்கென்னும், அதோடு சரி."

பிறகு அவர் தோட்டாக்களைத் தட்டில் கொட்டினார்.
ஆறு.
ஆறின் முதுகிலும், நடுவில்,
ஊசி தொட்டதும் தொடாததுமாய் ஒரு தழும்பு.

ஒருமுறை அல்ல.
ஆறு முறை இழுத்திருக்கிறான்.

நீதிமன்றம் கொஞ்சநேரம் எதையும் எழுதவில்லை.

ராவிய இடத்தைப் பெரிதாக்கிய படம்
கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது.
கோடுகள் நேராக இல்லை, விசிறிபோல் விரிந்திருந்தன.
பட்டறையில் இடுக்கியில் பூட்டி ராவியதல்ல.
முழங்கால்களுக்கிடையே செருகிக்கொண்டு
தள்ளி, தூக்கி, தள்ளி, தூக்கி.
கவ்வாத்துக் காலத்தில் எங்கள் அப்பா
கத்தியை அப்படித்தான் தீட்டுவார்.
வலது முழங்காலில் கால்சட்டை எப்போதும் கிழிந்திருக்கும்.

என்னை யாரும் கேட்கவில்லை.

படத்தைச் செவனடியானுக்குக் காட்டினேன்.
எட்டிப் பார்த்தான். உதடு மட்டும் அசைந்தது:
"கவ்வாத்து அரம்."

என்ன சொல்கிறார்? என்றார் நீதவான்.

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை,
இருமினார் என்றேன்.

உத்தரவு சிறியது. இது ஆயுதமல்ல, புராதனப் பொருள்.
கொழும்புக்கு அனுப்புக. எதிரியை விடுவிக்கவும்.
ராவியவர் பற்றிச் சல்தீனின் அறிக்கையில்
'ஆள் தெரியவில்லை' என்று ஒரு வரி.
அதையும் தமிழில் சொன்னேன்.

பஸ் தரிப்பிடத்தில் செவனடியான்
சட்டையில்லாத குழந்தைபோல் குளிரில் நின்றான்.
பதுளை பஸ் வந்தது, அவனுடையது இல்லை.
வலக்கை விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கினான்,
ஆறாவதற்கு இடக்கையில் ஒன்று.

"ஏங்க டீச்சர்," என்றான் (எல்லாப் பெண்களும் அவனுக்கு டீச்சர்),
"தொர முன்னால நின்ன ஆளு,
அது ஆணோ பொண்ணோ,
எத்தனாவது டிக்குல சிரிச்சிருக்கும்?"