சுண்டுவிரல்

பழைய பதிப்பு இனி இயங்காது என்று
நின்றுவிட்டது வங்கிச் செயலி,
பாசிக்காசு ஏறிய அன்றைக்குப் பார்த்து.

சின்னப்பாலத்தில் சிக்னல் கொண்டல்காற்று மாதிரி.
வரும். சொல்லிக்கொள்ளாமல் போகும்.
ஐஸ் கம்பெனிச் சுவரோரம்
ரெண்டு கோடு தெரியுமென்றாள் நம்புராணி.
நின்றேன்.

நூற்றுப் பதினெட்டு எம்பி.
இடமில்லை என்றது போன்.
மகன் ஏற்றிய பந்தயக் காரை அழித்தேன்.
கொழுந்தன் கல்யாணத்தில்
சாப்பாட்டுப் பந்தியை மட்டும் விட்டுவைத்தேன்.

வட்டம் சுற்றியது, நின்றது,
மீன்வண்டி ஒன்று ஐஸ் ஏற்றிப் போனபின்
மறுபடி சுற்றியது.

'சில பிழைகள் சரிசெய்யப்பட்டன.'
எந்தப் பிழை என்று எழுதவில்லை.
போன மாசம் காணாமல்போன நானூறு ரூபாயா,
என் பெயரில் அவர்கள் விழுங்கிய துணைக்காலா?

திறந்தது. புது நிறம்.
இருந்த இடத்தில் இல்லாத பொத்தான்.
விரலை வையுங்கள் என்றது.

வைத்தேன்.
பாரில் பாசி பிய்த்து,
துணி சுற்றியும் தேய்ந்த விரல்.
பொருந்தவில்லை.
பெருவிரல். பொருந்தவில்லை.
இடக்கை,
அதுவும்தான்.

"மாசத்துல பன்னெண்டு நாள்தான கடல்ல இறங்குறோம்,
மிச்ச நாள்ல தோல் வளந்துரும்டி"
நம்புராணி சிரித்தாள். அவளுடைய போனில்
இன்னும் பொத்தான்கள்தான்.

ஒன்பதாம் நாள்
பச்சை விளக்கு எரிந்தது.
காசு இருந்தது, முழுசாக.

அமாவாசைக்கு இன்னும் மூணு நாள்.
விரலுக்குச் சுற்ற
பழைய சேலையைக் கிழிக்குமுன்
உட்கார்ந்து இன்னொன்றையும் பதிந்துகொண்டேன்:
பாறையை அதிகம் தொடாத
சுண்டுவிரல்.