நிறுத்தம்

எங்கள் பேட்டையைப் படத்தில் தேடுகிறவர்
காளங்கிக் கோட்டின்மேல் ஒரு விரலை வைக்கட்டும்.
மேலே நெல்லூர், கீழே ஆரம்பாக்கம்,
நடுவில் அந்த விரல் மறைக்கிற இடம்.

நான் ஹம்சவேணி.
செக்போஸ்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை.
பக்கத்துக்கு ஒரு ரூபாய்,
அவசரமென்றால் ஒன்றரை.
எல்லோருக்கும் அவசரம்.

இந்த ஊர் எதையும் விளைத்துப் பணம் பார்த்ததில்லை.
போகிறதை நிறுத்தித்தான் பிழைத்தது.

முதலில் ஓதம் நிறுத்தியது.
உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிய படகுகள்
மதராஸ் போகிற கால்வாயில்
தண்ணீர் ஏறட்டும் என்று கிடந்தன.
கிடந்தவனுக்குப் பசித்தது.
பட்டெம்மா என்று ஒருத்தி
கேழ்வரகுச் சங்கட்டி உருட்டி விற்றாள்.
அவள் பேரில் ஒரு சந்து இருக்கிறது,
சாக்கடை மட்டும் இல்லை.

அப்புறம் ரயில்.
மெயிலுக்கு வழிவிட்டு
கூட்ஸ் வண்டி மூன்று மணி நேரம் மூச்சு வாங்கும்.
அதற்குள் எத்தனை மூட்டை இளைத்தது என்று
இங்கே யாரையும் கேட்கக்கூடாது.

அப்புறம் அரசாங்கம்.
ஒரு மூங்கில் கம்பம், ஒரு சிவப்புத் துணி,
பென்சலய்யா கையில் ரப்பர் முத்திரை.
மனிதர் தெலுங்கில் திட்டுவார்,
தமிழில் வாங்கிக்கொள்வார்.
வரிசை பாலம் தாண்டி நீளும்.
அந்த நீளத்தை அளந்துதான் நான் மாடி கட்டினேன்:
மாம்பழ சீசனுக்கு ஒரு சுவர்,
தீபாவளிச் சரக்குக்கு ஒரு ஜன்னல்.
லாரி ஸ்டிரைக் என்றால்
கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஒரு ஜூலை விடியலில் கம்பம் ஏறியது.
இறங்கவே இல்லை.
நாடு முழுக்க ஒரே வரியாம்.
பென்சலய்யா முத்திரையை என் மேசையில் வைத்து
"பிள்ளைங்க விளையாடட்டும்" என்றார்.
எனக்கு ஒரே மகன், அவனுக்கு இருபத்திரண்டு வயது.
அதன் பிறகு லாரிகள்
கடைப்பலகையில் ஒரு புழுதி அறை அறைந்துவிட்டுப் போயின.
அதுதான் வரும்படி.

போன கார்த்திகையில்
காளங்கி நெடுஞ்சாலைமேல் ஏறிப் படுத்தது.
மூன்று நாள்.
வரிசை திரும்பி வந்தது,
அதே நீளம், அதே டீசல் நாற்றம்.
நகல் ஒருவனுக்கும் வேண்டாம்.
எல்லாக் கையும் நீட்டியது போனை.
ஜெராக்ஸ் மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு
இன்வெர்ட்டர் சாகும்வரை சார்ஜ் போட்டேன்,
ஒன்றுக்கு இருபது.

ராம்லக்கன் பிந்த், மிர்சாபூர்.
கம்பளச் சுருள்களோடு துறைமுகம் போகிறவன்
படியில் குந்திக் கேட்டான்:
உங்கள் ஆற்றில் படகு ஓடியதா?
ஆற்றில் இல்லை, பக்கத்துக் கால்வாயில் என்றேன்.
அவனுடைய முப்பாட்டன் பஞ்சு ஏற்றி
கங்கையோடு கல்கத்தாவரை போனவனாம்.
ரயில் வந்து படகை விறகாக்கியது.
"துடுப்புப் பிடித்த சாதி. இப்போது ஸ்டியரிங்."
என் அரைகுறை இந்திக்கு எட்டியது இவ்வளவுதான்.
தண்ணீர் எப்போது வடியும் என்றான்.
வடியாமல் இருக்கட்டும் என்று வாய்வரை வந்தது.
தங்கை வயல் முழுகிக் கிடக்கிறது.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை பாதை தெரிந்தது.
அவன் கிளம்பவில்லை.
தாமதத்துக்கு முதலாளி கூலியைப் பிடிப்பான்,
இங்கே நின்றேன் என்பதற்கு ஒரு காகிதம் வேண்டும்,
அரசாங்கக் காகிதம்போல.

மேசை டிராயரைத் துழாவினேன்.
முத்திரையின் தேதிச் சக்கரம் துருவேறி
ஜூன் முப்பதிலேயே நின்றிருந்தது.
எச்சில் தொட்டு மையை இளக்கி
வெள்ளைத்தாளில் ஓங்கிக் குத்தினேன்.
தேதியைப் பேனாவால் அடித்துத் திருத்தி
'வெள்ளம். மூன்று நாள் நிறுத்தம்' என்று எழுதினேன்.

அவன் தாளை ஊதிக் காயவைத்தான்.
அவனுக்குப் பின்னால் குண்டூர் வண்டிக்காரன்,
அவனுக்குப் பின்னால் இன்னும் பதினோரு பேர்.
மெஷின் பிளக்கைத் திரும்பச் செருகினேன்.