எடைச்சீட்டு

புதுவயல் ரைஸ்மில் வாசலில்
அறுபது டன் தாங்கும் தட்டு என் பொறுப்பு.
நெல் லாரி, தவிட்டு லாரி,
ஒருமுறை எங்கோ போகிற வழியில் ஒரு தேர் அச்சு.
மாதம் ஒருநாள், லாரி ஓய்ந்த மத்தியானத்தில்,
எதிர்க்கடை அடைக்கலமேரியின் ஆண்குட்டி.

பத்துப் பத்தாகத்தான் காட்டும் இந்த மிஷின்.
அதற்கும் கீழே ஒன்று கூடினால்
கூடியதாகவே அதற்குத் தெரியாது.
அந்தியூர்ச் சந்தையிலிருந்து மினிவேனில் வந்து இறங்கிய அன்று
நூற்று முப்பது.
முழுக்கக் கால்தான். யாரோ பெரிய குதிரையிடம்
நான்கு கால் இரவல் வாங்கி
மேலே ஒரு நாய்க்குட்டியைக் கட்டிவைத்த மாதிரி.

சாக்குத் தைக்கிற நூலைக் கேட்டு வாங்கினாள்.
முன்னங்கால் கணுவில் ஒரு நுனி,
நெஞ்சோரத்து மூட்டில் ஒரு முடிச்சு.
அதே நீளத்தை மூட்டிலிருந்து மேலே தூக்கிப் பிடித்தாள்.
"வளந்தா இம்புட்டு நிக்கும்."
நூல் தோள்மேட்டைத் தாண்டி
ஒரு சாண் காற்றில் நின்றது.
அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான்
அவள் கொள்ளு வாங்கினாள்.

சீராக ஏறும் என்றிருந்தேன், மூட்டை அடுக்குவது போல.
சித்திரையில் சப்பை மட்டும் எழும்பியது.
பின்சக்கரம் மாற்றி மாட்டிய வண்டியாய்
முன்னால் சரிந்து நின்றது.
ஆவணியில் தோள் வந்து சேர்ந்தது.
ஐப்பசி மழையில் மறுபடி சப்பை.
நெஞ்சு விரிகிற வழியாயில்லை:
முன்னங்கால் இரண்டும் ஒரே துளையிலிருந்து
புறப்பட்டதைப் போல ஒட்டிக்கொண்டு.
காது மட்டும் வந்த அன்றே முடிந்திருந்தது,
நுனியோடு நுனி தொட்டபடி.

மார்கழியில் கண்டனூர் சேவுகமூர்த்தி வந்தான்.
முதலில் சுழி பார்த்தான். வாலைத் தூக்கினான்.
உதட்டைப் பிளந்து, "நடுப்பல்லு ரெண்டும் பால்பல்லு,
பரவாயில்ல" என்றான்.
"முன்னூறு கிலோ இருந்தாச் சொல்லு,
மாசிப் பந்தயத்துல பூட்டிரலாம். எம்பதாயிரம்."
மேரி அவனைப் பார்க்கவில்லை.
என் கேபினைப் பார்த்தாள்.

அதற்கு முந்தின வாரம்தான்
காரைக்குடி டாக்டர் முட்டியை விரலால் அமுக்கி
இன்னும் இறுகவில்லை என்றார்.
எலும்பு கீழேயிருந்துதான் சாத்திக்கொண்டு வருமாம்.
கணு, முட்டி, தோள்,
எல்லா அறையும் பூட்டிய பிறகு
கடைசியாக முதுகு.
அதற்கு அஞ்சு வருசம்கூட ஆகுமாம்.

வெளிப்பலகையில் சிவப்பு எண் மழையோடு போய்விட்டது.
உள்ளே எனக்கு மட்டும் தெரிந்தது: முன்னூற்றுப் பத்து.
பதினேழு வருஷத்தில்
ஒரு தவிட்டு மூட்டைக்குக்கூடப் பொய் எழுதியதில்லை.
பிரிண்டர் ரிப்பேர் என்றேன்.
சீட்டில் கையால் எழுதினேன்: 270.

இரண்டு தரம் படித்தான்.
"பார்வைக்குக் கனமாத்தான இருக்கு."
தட்டின் மேல் குட்டி மூத்திரம் பெய்தது.
அதையும் கழித்துக்கொள் என்று சிரித்துவிட்டுப் போனான்.

மேரி சிரிக்கவில்லை.
நேராகக் கேபினுக்கு வந்தாள்.
"குழுக் கடன எவன் கட்டுவான்? ஒங்க சீட்டா?"
அந்த மாதத் தவணையில் என் பங்கு இரண்டாயிரம்.
அடுத்த மாதமும் கேட்டாள்.
டீக்கும் காசு வாங்கிக்கொண்டாள்.

இன்று ஆனி வெயிலில் தட்டு கொதிக்கிறது.
ஈரச் சாக்கை விரித்து ஏற்றினோம்.
பால்பல் ஒன்று போய்விட்டது.
நெஞ்சில் இப்போது என் இரண்டு கையும் கொள்ளும்.
அதே நூலை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்;
முதுகுக்கு மேலே காற்று
இரண்டு விரல் பாக்கி.
சப்பை மறுபடி ஏறியிருக்கிறது, பாழாய்ப் போனது.

ஈ ஒன்று விலாவில் உட்கார
தோல் சிலிர்த்துக் கால் மாற்றியது.
மிஷினில் முன்னூற்று முப்பது,
நாற்பது,
மறுபடி முப்பது.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
காத்திருக்கிறேன்.