பூட்டு

கானாடுகாத்தான் மூன்றாம் வீதியில்
எனக்கு நாற்பத்தொரு மீட்டர்.
அதில் இருபத்தாறுக்கு
ஒரே குறிப்புத்தான்: பூட்டு.
எண் நகர்ந்திருக்காது.
எழுதிவிட்டு அடுத்த வாசல்.

செப்டம்பரில்
தேனப்பன் வீட்டு வெளிச்சுவரில்
பூஜ்யம் எழுதிக்கொண்டிருந்தபோது
உள்ளே யாரோ
தரையை ஒருமுறை உதைத்தார்கள்.
தொம்.
நிறுத்தி
இன்னொரு தொம்.

சாவி அழகுமலையிடம்.
"மே மாசம் பிள்ளைக வந்தப்ப
காரைக்குடிச் சந்தையில ரெண்டு வாங்குச்சுக.
விமானத்துல ஏத்த மாட்டாகல்ல.
நாந்தான் வாரத்துக்கொருக்கா
முட்டைக்கோசு போடுறேன்."
திறந்தார்.

பதின்மூன்று.
ஓடாத மீட்டருக்கு அந்தப் பக்கம்
எண் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
நாங்கள் காலை வைத்ததும்
எல்லாம் ஒரே நேரத்தில் ஓடப்பார்த்து
ஆத்தங்குடிக் கல்லில்
நின்ற இடத்திலேயே வழுக்கின.
பாதத்து முடி தேய்ந்து
குதிகாலெல்லாம் புண்.
ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை.

மெல்போர்னுக்கு வீடியோ போட்டேன்.
தேனப்பன் முயலைப் பார்க்கவில்லை.
"அந்தத் தூணைக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க."
பர்மாத் தேக்கின் அடியை
நான்கு விரற்கடை உயரத்துக்குப்
பல் ஒன்று சுற்றிவந்திருந்தது.
சாகிறவரை வளரும் பல்.
எதையாவது கடித்தாக வேண்டும்.
"கண்மாய்ப் பக்கம் விட்ருங்க,
காட்டுப் பிராணிதானே, பொழச்சுக்கும்."

செம்மண்ணில் வெள்ளை முயல் என்பது
நாய்க்குப் போட்ட கடுதாசி.
அழகுமலை ஆகஸ்டில் ஒன்றை
விட்டுப் பார்த்திருக்கிறார்.
அதற்குமேல் அவர் சொல்லவில்லை.

ஐந்து தக்காளி ட்ரே,
ஒரு ஷேர் ஆட்டோ,
பள்ளத்தூர் கால்நடை மருந்தகம்.
பெனசீர் டாக்டர்
ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்து
ஆண் ஏழு, பெண் ஆறு என்று
என் கணக்கு நோட்டின் பின்னட்டையில் குறித்தார்.
"இன்னிக்கே பிரிச்சு வைங்க.
இல்லேன்னா அடுத்த ரீடிங்ல நாப்பது."
முட்டைக்கோசு கூடாது.
கேரட்டும்தான்.
கொழுக்கட்டைப்புல், காயவைத்து.
"கத்தாதா டாக்டர்?"
"கத்தும். உயிர் போறப்ப."
அந்த வாரம்
வயிறு ஊதி இரண்டு கத்தின.

பிறகு மீட்டர் பார்த்த வாசலிலெல்லாம்
முயலுக்கு வீடு கேட்டேன்.
ஒருவர், "உரிச்சா எத்தனை கிலோ நிக்கும்?"
ஒருத்திக்கு சோபா நிறத்தில் வேண்டும்.
ஒரு பையன் பிறந்தநாளுக்கு மட்டும் கேட்டான்,
மறுநாள் தந்துவிடுவானாம்.
நேர்மையான பையன்.
புதுவயல் அரிசி ஆலைக் காவலாளி
மூன்றை வாங்கிக்கொண்டு
பெயர் விசாரித்தார். இல்லை என்றேன்.
"அப்ப பொன்னி, சோனா, ஐ.ஆர். எட்டு."
ஐந்து ஐந்து வீட்டுக்குப் போயின,
திரும்பத் தரலாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

கோட்டையூர் ஜெபமாலைக்குக் காது கேட்காது.
தையல் மிஷினை மிதித்தபடியே
வேண்டாமென்று கையாட்டினாள்.
கிழிந்த காதுக்காரி
ட்ரேயைத் தாண்டிக் குதித்துக்
கட்டிலடியில் புகுந்து
தரையை உதைத்தது.
மிஷின் நின்றது.
வெறும்பாதத்தைத் தரையில் பதித்து
ஜெபமாலை காத்திருந்தாள்.
இன்னொன்று வந்தது.
குதிகாலால்
அவளும் ஒன்று கொடுத்தாள்.
கட்டிலடியில் கொஞ்சநேரம் யோசனை.
நான் நோட்டில் ஒன்றைக் கழித்தேன்.

மிச்சம் இரண்டு என் வீட்டில்,
ரெகுலேட்டர் ஒயர் பாக்கியில்லை.

மே மாதம்.
தேனப்பன் வீட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
கதவு திறந்தே இருந்தது.
எட்டு வயதிருக்கும்,
"ஆன்ட்டி, என்னோட ரெண்டு எங்க?"
எந்த இரண்டு என்று
எனக்கெப்படித் தெரியும்?
அவனுக்குப் பின்னால்
முற்றத்துக் கொக்கியில் புதுக் கூண்டு.
உள்ளே மஞ்சளாய் ஏதோ
இங்கும் அங்கும் தாவிற்று.

"எப்பத் தம்பி ஊருக்குக் கிளம்புறீங்க?"
தேதியைச் சொன்னான்.
யூனிட்டுக்குப் பக்கத்தில்
அதையும் எழுதிக்கொண்டேன்.